சேலத்தில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம்: எட்டு மாத அனுபவம்

2024 டிசம்பர் கடைசி சனிக்கிழமை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம், மாடியில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பி.டெக். மதிப்பெண், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் 'விரும்பும் நாடு' என்று போட்டு, பக்கத்தில் ஆறு கொடிகளை அச்சடித்திருந்தார்கள். மகள் பேனாவை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "அதை விடு கண்ணு, அவங்களையே கேப்போம்" என்றேன்.

அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் அவர்களே அதை நிரப்பிவிட்டார்கள்.

மையத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே எங்களுக்கு மனதார உதவியவர்களும் இருக்கிறார்கள். அதோடு, நான் ஏறி இறங்கிய மற்ற இரண்டு மையங்களிலும் இதே கதைதான். மகனையோ மகளையோ ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைக்கும் பெற்றோர் இப்படி ஒரு இடத்தில் எதை நம்பிக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆத்தூர் பக்கம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மகள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எங்கள் வீட்டில் இதற்குமுன் யாரும் விமானம் ஏறியதில்லை. கட்டணம், தங்கும் செலவு, விசா, விமானம் எல்லாம் சேர்த்து 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன். ஆலோசகராக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அன்பாகத்தான் பேசினார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி ஐந்து பல்கலைக்கழகங்களைக் காட்டினார். ஐந்தும் இங்கிலாந்து. அதில் இரண்டு இடத்தில் படிப்பு 'இன்டர்நேஷனல் பிசினஸ்'. "நான் படிச்சது ஃபுட் டெக்னாலஜிங்க. இதுல பிசினஸ் வந்திருக்கே?" என்று மகள் கேட்டாள். "மேனேஜ்மென்ட் படிச்சா எந்தக் கம்பெனிக்கு வேணாலும் போலாம் மேடம். இந்த ரெண்டுலயும் ஆஃபர் லெட்டர் பத்து நாள்ல வந்துடும்" என்றார்.

பத்து நாளில் கடிதம் வருவது எதற்காக எங்களுக்கு நல்லது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் பேசவே இல்லை. ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "அப்பா, நான் நாலு வருசம் படிச்சதை அவங்க ஒரு நிமிசம்கூடக் கேக்கலையே" என்றாள்.

அன்றிரவு, எங்கள் ஃபேக்டரியில் முன்பு வேலை பார்த்தவரின் மகன் ஒருவருக்குப் போன் போட்டேன். இங்கிலாந்தில் படித்துவிட்டு அங்கேயே வேலையில் இருப்பவர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். இந்த மையங்கள் மாணவர்களிடம் 'ஆலோசனை இலவசம்' என்று சொல்வது உண்மைதான். மாணவர் போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் இவர்களுக்குக் கமிஷன் தரும், பெரும்பாலும் முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறதோ அது மட்டும்தான் திரையில் வரும். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணமே வாங்குவதில்லை என்பதை எங்களுக்கு எந்த மையமும் சொல்லாததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. ஆனால் ஜெர்மனியில் உணவுத் தொழிற்சாலை வேலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தைப் பிடித்தவள் என் மகள். இன்னொரு மொழியை இப்போது தொடங்க அவளுக்கு விருப்பமில்லை. ஆங்கிலம் பேசும் நாடு என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

கமிஷன் வாங்குவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கிழங்கு ஏஜென்ட்டும் கமிஷன் வாங்குகிறார், நிலத் தரகரும் வாங்குகிறார். ஆனால் தரகரிடம் போகும்போது அவர் தரகர் என்று தெரிந்துதான் போகிறோம். இங்கே 'கவுன்சிலர்' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் போவதுபோல் நம்பிப் போகிறோம்.

அடுத்த பத்து நாள் நானும் மகளும் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் உட்கார்ந்தோம். ஃபேக்டரியில் மிச்சமான ஒரு நீள லெட்ஜர் நோட்டு. ஒரு நாட்டுக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் தலைப்பில் நான் தொகையை எழுதவில்லை. 'இவள் படித்த படிப்புக்கு அங்கே யார் வேலை தருவார்கள்' என்று எழுதினேன். அதற்குக் கீழே படிப்பு எத்தனை மாதம், படித்து முடித்தபின் எத்தனை மாதம் தங்கி வேலை தேடலாம், விசாவுக்குக் கைக்காசு எவ்வளவு இருப்பதாகக் காட்ட வேண்டும். தகவலை ஒவ்வொரு நாட்டின் அரசு இணையதளத்திலிருந்து மட்டும் எடுப்பது என்று மகள் ஒரு விதி வைத்தாள். நல்ல விதி. மையத்தில் கொடுத்த வண்ணத் தாளில் இருந்த கனடா விவரம் ஒரு வருடம் பழையது என்று அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில்தான் உணவு அறிவியலுக்குப் பெரிய பெரிய துறைகள் இருக்கின்றன. கார்னெல், டேவிஸ், பர்டியூ என்று பல்கலைக்கழகங்களை மகள் அடுக்கினாள். படித்து முடித்தபின் ஒரு வருடம் வேலை அனுமதி, அறிவியல் படிப்பு என்பதால் மேலும் 24 மாதம். மூன்று வருடம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படிப்பு இரண்டு வருடம். கட்டணமும் வாடகையும் இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு எச்-1பி விசா குலுக்கல். 35 லட்சத்துக்குள் எங்கள் நோட்டில் அது அடங்கவே இல்லை. பிறகு 2025 மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்தி வைத்தபோது, மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி கடன் வாங்கிவிட்டுத் தவித்ததைப் பார்த்தோம்.

கனடாவில் குயெல்ஃப் பல்கலைக்கழகம் உணவுத் துறைக்குப் பேர்போனது. ஆனால் 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். இந்திய மாணவர்களுக்கு விரைவாக விசா கிடைத்துவந்த எஸ்.டி.எஸ். வழியை 2024 நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள். கைக்காசு 10,000 டாலர் காட்டினால் போதும் என்றிருந்தது 2024 முதல் 20,635 கனடிய டாலர் ஆகிவிட்டது. அதற்குமேல் மாகாண அரசின் சான்றுக் கடிதம் வேறு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அனுப்புகிறவனுக்கு, விதிகள் மாதத்துக்கு மாதம் மாறும் இடத்தில் இறங்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதை மையத்தில் யாரும் சொல்லவில்லை. படிப்புக்குப் பிந்தைய வேலை விசா வேண்டுமானால் அங்கே குறைந்தது இரண்டு கல்வி ஆண்டு படித்திருக்க வேண்டும். ஒரு வருட எம்.எஸ்சி. சேர்ந்தால் அந்த விசா கிடைக்காது. மாணவர் விசாக் கட்டணமே 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆஸ்திரேலிய டாலர் ஆகியிருந்தது. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்ததும் மகளே நோட்டை மூடினாள்.

நியூசிலாந்தைப் பற்றி எந்த மையத்திலும் வாயே திறக்கவில்லை. படிவத்தில் கொடி மட்டும் இருந்தது. ஆனால் பால் பொருளை ஏற்றுமதி செய்தே வாழும் நாடு அது. பாமர்ஸ்டன் நார்த்தில் இருக்கும் மாஸ்ஸி பல்கலைக்கழகம் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே பெயர் வாங்கியது. முதுகலை முடித்தால் மூன்று வருடம் தங்கி வேலை செய்யலாம். எங்கள் நோட்டில் இரண்டாம் இடம் அதற்குத்தான். ஆனால் அங்கே கல்வி ஆண்டு தொடங்குவது பிப்ரவரியில். அதுவரை வீட்டில் சும்மா இருக்க வேண்டும் என்பதும், அவசரம் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க முடியாத தூரம் என்று என் மனைவி கலங்கியதும் அதைத் தள்ளிவைத்தன. உணவு, பால், வேளாண்மை படித்த பிள்ளைகள் அந்தக் கொடியை அவசியம் பாருங்கள்.

இங்கிலாந்தும் அயர்லாந்தும் மிஞ்சின. இரண்டிலும் எம்.எஸ்சி. ஒரு வருடம். இரண்டிலும் அதற்குப் பிறகு இரண்டு வருடம் தங்கலாம். கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு வருடப் படிப்பு பெரிய நிம்மதி. இங்கிலாந்தில் ரெடிங், லீட்ஸ் இரண்டிலும் நல்ல உணவு அறிவியல் துறைகள் உண்டு. மையம் காட்டிய ஐந்து பல்கலைக்கழகப் பட்டியலில் இரண்டும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் முடிந்தபின் அங்கே நிலைக்க வேண்டுமானால், வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 38,700 ஆக்கியிருந்தார்கள். புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. இருந்தாலும் அந்தத் தாவல் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. இதற்குமேல் விசாக் கட்டணம் தனி, அரசு மருத்துவ வசதிக்கு வருடத்துக்கு 776 பவுண்டு தனி.

அயர்லாந்துப் பக்கத்தை மகள்தான் எழுதினாள். தெற்கே கார்க் என்று ஒரு ஊர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்து கப்பல் கப்பலாக வெண்ணெய் போயிருக்கிறது. இன்றும் கெர்ரிகோல்டு வெண்ணெய் கார்க் மாவட்டத்தின் மிட்செல்ஸ்டவுனில் தயாராகிறது. சாகஸ்க் என்கிற அரசு வேளாண் ஆய்வு அமைப்பின் உணவு ஆய்வு மையம் அதே மாவட்டத்தில் ஃபெர்மாய் பக்கம் மூர்பார்க்கில் இருக்கிறது. உணவுச் சேர்மானங்கள் செய்து உலகம் முழுவதும் விற்கும் கெர்ரி நிறுவனம் பக்கத்து மாவட்டத்தில் பிறந்தது. இவற்றுக்கு நடுவில் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி, அங்கே உணவு அறிவியலில் எம்.எஸ்சி. "அப்பா, நம்ம ஆத்தூர் மாதிரிப்பா. சுத்தி சேகோ ஃபேக்டரி இருக்கற மாதிரி சுத்தி பால் ஃபேக்டரி" என்றாள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டருக்கு அடிப்படையான கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூல் அந்தக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் என்று பிறகு படித்தபோது, கணக்கு எழுதுகிறவனுக்கு அதில் தனிச் சந்தோஷம்.

பிரிட்டன் வெளியேறிய பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆங்கிலத்தில் வேலை பார்க்கக்கூடிய நாடு என்றால் அயர்லாந்தையும் சின்னஞ்சிறு மால்டாவையும்தான் சொல்ல வேண்டும். கைக்காசாக 10,000 யூரோ காட்ட வேண்டும். படிக்கும்போது வாரம் 20 மணி நேரமும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு மாதமும் 40 மணி நேரமும் வேலை செய்யலாம். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 யூரோ. இதை வைத்துக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மளிகைக்கும் பஸ்ஸுக்கும் வாடகையில் ஒரு பகுதிக்கும் வரும், அவ்வளவுதான்.

குறையையும் எழுதிவிடுகிறேன். அயர்லாந்தில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. டப்ளினில் நிலைமை மோசம், கார்க்கிலும் சுலபமில்லை. முன்பணம் அனுப்பச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நிறைய. கல்லூரி விடுதிக்கு இடம் திறந்த அன்றே விண்ணப்பித்தும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் பிஷப்ஸ்டவுன் பகுதியில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டில் ஒரு அறை, மாதம் 700 யூரோ. மூத்த மாணவி ஒருத்தி நேரில் போய்ப் பார்த்து, வீடியோவில் எங்களுக்கும் காட்டிய பிறகுதான் பணம் அனுப்பினோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஜனவரி நடுவில் மறுபடி மையத்துக்குப் போனேன். இந்தமுறை மேலாளரையே பார்த்தேன். "கார்க்ல ஃபுட் சயின்ஸ். இது ஒண்ணுதான். உங்க லிஸ்ட்ல இல்ல, தெரியும். போட்டுத் தருவீங்களா?" அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். "எங்களுக்கு அங்க டை-அப் இல்ல சார். சர்வீஸ் சார்ஜ் 15,000 ஆகும்" என்றார். அங்கேயே கொடுத்தேன். ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் நான் மனநிறைவோடு கொடுத்த பணம் அதுதான். அன்றுமுதல் அந்த அலுவலகம் எங்களிடம் நடந்துகொண்ட விதமே மாறிவிட்டது. தினமும் வந்துகொண்டிருந்த "சார், இந்த வாரம் ஸ்பாட் ஆஃபர்" போன்கள் நின்றன. யாரும் பிசினஸ் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் வேலை செய்தது எங்களுக்காக. முதல் நாளே இப்படி ஒரு கட்டணத்தை எழுதிப் போட்டு 'விருப்பமிருந்தால் கொடுங்கள்' என்று வைத்தால், இந்தத் தொழிலுக்கே மரியாதை கூடும் என்று மேலாளரிடம் சொன்னேன்.

ஆனாலும் ஒரு சண்டை நடந்தது. எஸ்.ஓ.பி. என்கிறார்களே, ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதும் கட்டுரை, அதை "நாங்களே எழுதித் தர்றோம்" என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்ததை மகள் வாசித்தாள். சிறுவயது முதலே எனக்கு ஆர்வம் என்று தொடங்கி, இரண்டாம் பத்தியில் 'எங்கள் மருந்துக் கடையில் அப்பாவுக்கு உதவியபோது' என்று இருந்தது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் வாழ்க்கை. அந்த அறியாத பிள்ளையை நினைத்தும் எனக்கு மனம் கஷ்டப்பட்டது. அவருடைய விண்ணப்பத்தில் எங்கள் சேகோ ஃபேக்டரி இருக்கக் கூடாதே.

அன்றிரவே மகள் தானே எழுத உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கிழங்குப் பால் தேங்கியிருக்கும் தொட்டிக்குள் கையை விட்டாளாம். மேலே தண்ணீர். அடியில் கையை அழுத்தினால் கல் மாதிரி மாவு, மெதுவாக விரலை நகர்த்தினால் குழம்பு மாதிரி ஓடுகிறது. ஏன் என்று அங்கிருந்த அக்காக்களைக் கேட்டிருக்கிறாள். "மாவு அப்பிடித்தான் பாப்பா" என்றார்களாம். அந்தக் கேள்வியோடுதான் அவள் கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். ஜவ்வரிசி வெள்ளையாக இருந்தால்தான் விலை என்பதற்காகச் சிலர் வேதிப்பொருள் சேர்ப்பது, அது இல்லாமல் நிறத்தைக் காப்பாற்ற முடியுமா என்று இறுதியாண்டில் அவள் செய்த ஆய்வு, எல்லாம் அதில் வந்தன. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் இலக்கணம் சறுக்கியதாம். அதைத் திருத்த மட்டும் அவளுடைய கல்லூரிப் பேராசிரியை ஒருவர் உதவினார். பிள்ளைகளே எழுதட்டும். அவர்கள் வாழ்ந்ததை வேறு யாராலும் எழுத முடியாது.

இனி நல்லதைச் சொல்கிறேன். மையத்தில் ஆவணங்களைச் சரிபார்க்க ஒரு தம்பி இருக்கிறார். இவ்வளவு கவனமாக வேலை பார்க்கிறவரை நான் என் தொழிலிலும் அதிகம் கண்டதில்லை. அயர்லாந்து விசாவுக்கு ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். என் கணக்கின் நகலை வாங்கி, ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கினார். பிப்ரவரியில் 3 லட்சம் ஒரே நாளில் வந்திருந்த இடத்தில் ஸ்கேல் நின்றது. "சார், இது எங்கேர்ந்து?" சீட்டு எடுத்த பணம். "அப்படின்னா சீட்டுக் கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், பாஸ்புக் நகல், நீங்க கையெழுத்துப் போட்ட ஒரு விளக்கம், மூணும் வேணும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத பணம் இருந்தா அங்கதான் ரிஜெக்ட் ஆகும்" என்றார். மகளின் பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு முன்னெழுத்து விரிவாகவும் மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்தாகவும் இருந்ததைக் கண்டுபிடித்து, நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுத வைத்ததும் அவர்தான். ஜூனில் இணையத்தில் விண்ணப்பித்து, 60 யூரோ கட்டணம் செலுத்தி, சென்னை வி.எஃப்.எஸ். மையத்தில் கோப்பைக் கொடுத்தோம். ஒரு கேள்வியும் திரும்பி வரவில்லை. ஐந்தாவது வாரம் விசா வந்தது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி பரவாயில்லை. அப்போது ஏறக்குறைய 17,000 ரூபாய் கட்டி எழுத வேண்டியிருந்த தேர்வு என்பதால் நான்கு மாதிரித் தேர்வு வைத்தார்கள். பேசும் தேர்வுக்குப் பயந்துகொண்டிருந்தவள் மொத்தத்தில் 7 வாங்கினாள்.

கடன் விஷயத்தில் மட்டும் மையத்தின் பேச்சைக் கேட்காதீர்கள். "அடமானமே வேண்டாம் சார், மூணு நாள்ல சாங்ஷன்" என்று ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் ஆளை உட்கார வைத்தார்கள். வட்டி விகிதத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். பொதுத்துறை வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் என்று ஆறு வாரம் அலைச்சல். பரவாயில்லை, அலையுங்கள். இரண்டு மூன்று சதவீத வட்டி வித்தியாசம் பத்து வருடத்தில் எவ்வளவு ஆகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வங்கிக் கடனில் கட்டணம் அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். வரிப் பிடித்தமும் கிடையாது. கைக்காசில் அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு அப்போது 5 சதவீதம் பிடித்தார்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் கட்டிய வட்டியை எட்டு வருடம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதில் நான் சூடுபட்டேன். ஜனவரியில் நோட்டில் கணக்குப் போட்டபோது ஒரு யூரோ 90 ரூபாய். ஆகஸ்டில் கட்டணத்தின் கடைசித் தவணையை அனுப்பும்போது 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஏழு மாதத்தில் பத்து ரூபாய்க்கு மேல். ஆயிரம் யூரோவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல். என் மனைவியின் இரண்டு வளையல் அந்த வித்தியாசத்துக்குத்தான் போயின. எந்த நாடாக இருந்தாலும் கடன் கேட்கும்போதே பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டிக் கேளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து அபுதாபி, அங்கிருந்து டப்ளின், பிறகு மூன்று மணி நேரம் பஸ் என்று மகள் கார்க் போய்ச் சேர்ந்தாள். குடியேற்ற அட்டைக்கு அங்கே 300 யூரோ கட்ட வேண்டும். அதைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தனுப்புங்கள். முதல் மாதம் முழுக்க மழை என்றாள். இரண்டாம் மாதம் ஆய்வுக்கூடத்தில் ஸ்டார்ச் வகுப்பு வந்ததாம். உலகத்தில் எங்கெங்கே எந்தச் செடியிலிருந்து மாவு எடுக்கிறார்கள் என்ற படத்தில் மரவள்ளிக் கிழங்கும் இருந்ததாம். தொட்டியில் மாவு ஏன் அப்படி இறுகுகிறது என்று வகுப்பில் எழுந்து சொன்னதை அன்றிரவு போனில் எனக்கும் சொன்னாள். அழுத்தினால் துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு பூட்டிக்கொள்ளுமாம், விட்டால் நடுவில் தண்ணீர் வழிவிடுமாம். மறுநாள் தொட்டிப் பக்கம் போய் அங்கிருந்த அக்காக்களுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

மதிப்பெண் போட வேண்டும் என்றால், ஆவண வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. தேர்வுப் பயிற்சிக்கு மூன்று. நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஆலோசனைக்கு ஒன்று. அடுத்தவர் வாழ்க்கையை எடுத்து எஸ்.ஓ.பி.யில் ஒட்டியதற்கு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனமில்லை. போகிறவர்கள் கையில் ஒரே படிப்பு, ஒரே நாடு என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். 'இந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறதா' என்று நேராகக் கேளுங்கள். முகம் கோணாமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அங்கீகரித்த ஏஜென்ட் பட்டியலை இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. அதையும் ஒருமுறை பாருங்கள்.

போன வாரம் எங்கள் ஃபேக்டரி எலெக்ட்ரீஷியன் தன் மகனோடு வீட்டுக்கு வந்து அந்த லெட்ஜர் நோட்டைக் கேட்டார். பையன் மெக்கானிக்கல் கடைசி வருடம். கொடுத்தேன். நான் எழுதிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு படித்து முடித்தபின் தங்கும் அந்த இரண்டு வருடம் 18 மாதமாகக் குறைகிறது. ஆஸ்திரேலிய விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆகிவிட்டது. கனடாவில் கைக்காசு 2025 செப்டம்பரில் 22,895 கனடிய டாலர் ஆனது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்கிறவர்களுக்கு 2026 முதல் மாகாணச் சான்று வேண்டாம். பையன் சிவப்புப் பேனா கேட்டான். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துத் திருத்த ஆரம்பித்துவிட்டான்.